புல்வெளியின் அடியில் மறைந்த நீர்க்கசிவு: கோல்ப் மைதானக் குழாய்களில் அதனைக் கண்டறியும் முறைகள்

கோல்ப் மைதானம் ஒன்றின் பம்பு அறையில் பெரும்பாலும் இருவகைப் பம்புகள் காணப்படும். இரவில் தெளிப்பான்களுக்கு நீர் வழங்கும் பெரிய பம்புகள் ஒரு வகை. குழாய்த் தொடரில் அழுத்தம் குறையாமல் காப்பதற்கென அமைந்த சிறிய பம்பு மற்றொரு வகை. பகலில் எந்தத் தெளிப்பானும் இயங்காத வேளையில் குழாய்கள் நீர் நிரம்பி அசைவற்று நிற்கவேண்டும். சிறிய பம்புக்கு அப்போது வேலையே இராது. ஆயினும் சில மைதானங்களில் அது சில நிமிடங்களுக்கு ஒரு முறை தானே இயங்கி, சற்று நேரத்தில் நின்று, மறுபடியும் இயங்கும். பம்பு அறையில் அமர்ந்திருப்பவர் அவ்வொலிக்குப் பழகிப்போயிருப்பார். நிலத்தடியில் எங்கோ நீர் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதனினும் தெளிவான அறிகுறி வேறில்லை.

இச்சிறு பம்பைக் கொண்டே கசிவின் அளவையும் கணக்கிடலாம். பல இடங்களில் இதனுடன் காற்றழுத்தத் தொட்டி ஒன்று இணைந்திருக்கும். பம்பு நிற்கும் அழுத்தத்திற்கும் மீண்டும் தொடங்கும் அழுத்தத்திற்கும் இடையே அத்தொட்டி 100 லிட்டர் நீரைக் குழாய்க்குக் கொடுப்பதாகக் கொள்வோம். பம்பு நின்றது முதல் அடுத்த முறை தொடங்கும் வரை கடிகாரத்தில் 10 நிமிடம் ஆயிற்றென்றால், நிமிடத்திற்கு 10 லிட்டர், அதாவது நாளொன்றுக்கு 14,400 லிட்டர் நீர் மண்ணுக்குள் போகிறது. 2019-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஜல் ஜீவன் இயக்கத்தில் கிராம மக்களுக்கு ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என அளவு வகுக்கப்பட்டது. அவ்வளவின்படி இந்நீர் ஏறத்தாழ 260 பேரின் ஒரு நாளைத் தேவைக்கு ஈடாகும். புல்லின் மேல் ஒரு சொட்டு ஈரமும் தெரியாமலேயே இவ்வளவும் நிகழக்கூடும்.

இந்தியாவில் கோல்ப் ஆட்டம் புதியதன்று. கல்கத்தாவில் 1829-ஆம் ஆண்டிலேயே கோல்ப் சங்கம் ஏற்பட்டது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே ஏற்பட்டவற்றுள் இன்றும் நிலைத்திருக்கும் மிகப் பழைய சங்கம் அதுவே என்பர். 18 குழிகள் கொண்ட முழு மைதானம் ஏறத்தாழ 50 ஹெக்டேர் பரப்புள்ளதாக இருக்கும். அதன் அடியில் பல கிலோமீட்டர் நீளத்திற்குக் குழாய்களும், நூற்றுக்கணக்கான தெளிப்பான்களும் புதைந்துள்ளன. கோல்ப் ஆடாத நமக்கு இச்செய்தி எதற்கு என்று வாசகர் வினவலாம். நகராட்சிப் பூங்காவிலும், தெளிப்புப் பாசனம் அமைந்த வயலிலும், கிராமக் குடிநீர்த் திட்டத்திலும் புதைக்கப்படுவன இதே பி.வி.சி. குழாய்களே, கசிவைத் தேடும் முறையும் ஒன்றே. கோல்ப் மைதானத்தில் தேடுதல் சற்றுக் கடினமானது என்பதே வேறுபாடு. அங்கே கற்றவர்க்கு மற்ற இடங்கள் எளிதாகும்.

கடினம் எங்கிருந்து வருகிறது? தெருவில் ஓரிடம் ஈரமாயிருந்தால் அதுவே ஐயத்திற்கு இடமாகும். கோல்ப் மைதானத்திலோ நிலம் முழுவதையும் நாமே நாள்தோறும் நனைக்கிறோம். ஈரத்தின் நடுவே ஈரத்தைத் தேடவேண்டியிருக்கிறது. மேலும், மழைநீர் தேங்காதிருக்கக் குழிப்பரப்புகளின் அடியிலும் தாழ்வான இடங்களிலும் சரளைக்கல் பரப்பித் துளையிட்ட வடிகுழாய்களைப் பதித்திருப்பர். கசிந்த நீர் அவ்வடிகுழாயை எட்டிவிட்டால் மேலே வருவதற்கே காரணமில்லை. ஓசையின்றி ஏதேனும் குளத்தில் போய்ச் சேரும். கோடையில் மழையே இல்லாத நாளிலும் ஒரு வடிகுழாயின் வாயில் தெளிந்த நீர் இடைவிடாது ஒழுகுமாயின், அதன் வழியே மேல்நோக்கிச் சென்று ஆராய்தல் வேண்டும்.

மண்ணின் இயல்பும் கண்ணை ஏமாற்றும். மணற்பாங்கான நிலத்தில் நீர் நேரே கீழிறங்கி மறைந்துவிடும். கங்கைக் கழிமுகம் போன்ற களிமண் நிலத்தில் நீர் இறங்காது. ஆனால் குழாய் பதிப்பதற்காக ஒரு காலத்தில் வெட்டி மூடிய பள்ளத்தின் மண் சுற்றிலுமுள்ள மண்ணைவிட இளக்கமாயிருப்பதால், அப்பள்ளத்தையே வாய்க்காலாகக் கொண்டு நீர் பல மீட்டர் தொலைவு சென்று, சரிவு முடியும் இடத்தில் வெளிப்படும். ஈரம் தோன்றிய இடத்திலேயே தோண்டியவர்கள் உடையாத குழாயைக் கண்டு திகைப்பது இதனாலேயே.

கசிவு, ஒழுக்கு, பீச்சல்

ஆங்கிலத்தில் இவை எல்லாவற்றிற்கும் ஒரே சொல் போதுமானதாயிருக்கிறது. மொழிபெயர்ப்பாளனுக்கு இது முதலில் ஓர் இடையூறாகத் தோன்றிற்று. பின்னர் நம் மொழியின் வேறுபாடே பொருளுக்குப் பொருத்தமானது எனத் தெரிந்தது. இணைப்பின் இடுக்கில் ஊறி வருவது கசிவு. துளித்துளியாகவோ நூல் போன்றோ வழிவது ஒழுக்கு. அழுத்தத்தால் சிறு துளையினின்று விசையுடன் பாய்வது பீச்சல். இம்மூன்றும் ஒலியால் வேறுபடுவன. பீச்சல் சீறும். ஒழுக்கு முணுமுணுக்கும். கசிவு ஊமை. ஆதலின் ஒலியைக் கொண்டு தேடும் கருவி எத்துணை விலையுயர்ந்ததாயினும் மூன்றாவதைக் கண்டுபிடிக்காமல் விட்டுவிடலாம். இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. குழாய் நீளவாக்கில் பிளந்து நீர் மிகுதியாக வெளியேறும் இடத்தில் அழுத்தம் வீழ்ந்துவிடுவதால் ஒலியும் தாழ்ந்துவிடும். பெரிய ஒலி சிறிய துளையையும், சிறிய ஒலி பெரிய பிளவையும் குறிப்பது அரிதன்று.

சிறு துளை எவ்வளவு நீரை விடும் என்பதை வகுப்பில் மாணவர்கள் தாமே கணக்கிடலாம். துளையினின்று பாயும் நீரின் வேகம் நீர்மட்ட உயரத்தின் வர்க்கமூலத்திற்கு ஏற்றதாயிருக்கும் என்பதை 17-ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி நிறுவினார். தெளிப்புக் குழாயில் சதுர செ.மீ.க்கு 5 கிலோகிராம் அழுத்தம் உள்ளதெனக் கொள்வோம். இது 50 மீட்டர் உயர நீருக்குச் சமம். அவ்வழுத்தத்தில் நீர் வினாடிக்கு ஏறத்தாழ 31 மீட்டர் வேகத்தில் பாயும். துளையின் குறுக்களவு 3 மி.மீ. என்றும், தாரை சுருங்குவதையும் உராய்வையும் கருதி 0.6 என்ற குணகத்தையும் கொண்டால், நிமிடத்திற்கு 8 லிட்டர், நாளொன்றுக்குச் சற்றேறக்குறைய 11,500 லிட்டர் என விடை கிடைக்கும். துளை 6 மி.மீ. ஆனால் அளவு நான்கு மடங்காகும். அழுத்தத்தைப் பாதியாக்கினால் கசிவு பாதியாவதில்லை. நூற்றுக்கு 71 பங்கு எஞ்சும். ஆனால் இது மாறாத வட்டத்துளைக்கே பொருந்தும். பிளாஸ்டிக் குழாயில் நீளவாக்கில் விழுந்த வெடிப்பு அழுத்தம் ஏற ஏற அகன்று திறக்கும் இயல்புடையது. அங்கு அழுத்தத்தைக் குறைப்பதால் கிடைக்கும் பயன் இதனினும் மிகுதி. கசிவைக் கண்டுபிடிக்கும் வரை இரவுப் பாசன நேரம் தவிர மற்ற வேளைகளில் அழுத்தத்தைக் குறைத்து வைப்பது இதனால் நல்ல முன்னேற்பாடாகும்.

கருவிக்கு முன் கணக்கு

கசிவு எனக் கேட்டவுடன் ஒலிக் கருவியுடன் ஒருவரை வரவழைப்பது இன்று வழக்கமாகியிருக்கிறது. இது தவறான வரிசை என்பது என் கருத்து. 50 ஹெக்டேர் நிலத்தில் காதை வைத்துக்கொண்டு அலைவதைவிட, கசிவு எந்த 100 மீட்டருக்குள் உள்ளது என்பதை முதலில் வால்வுகளைக் கொண்டு வரையறுத்துக்கொள்ள வேண்டும். இதற்குத் தேவையானவை ஒரு நீர்மானி, ஒரு அழுத்தமானி, ஒரு கடிகாரம், குழாய்களின் வரைபடம் ஆகியவையே. இவற்றுள் கிடைத்தற்கு அரியது வரைபடம்.

முதலில் குழாய்த் தொடரின் அமைப்பை அறிதல் வேண்டும். சில மைதானங்களில் ஒவ்வொரு தெளிப்பானுக்குள்ளும் தனி வால்வு உண்டு; அங்கே தெளிப்பானின் அடிவரை கிளைக்குழாய்களும் எப்போதும் அழுத்தத்தில் இருக்கும். வேறு சிலவற்றில் ஐந்தாறு தெளிப்பான்களுக்குப் பொதுவாக ஒரு வால்வு இருக்கும். அங்கே வால்வைத் தாண்டியுள்ள கிளைக்குழாய் பாசன நேரத்தில் மட்டுமே நிரம்பும். ஆதலின் அக்கிளையில் உள்ள உடைப்பைப் பம்பு அறையின் சிறு பம்பு ஒருபோதும் அறிவிக்காது. அதனைக் காண அந்தக் கிளை இயங்கும்போதே நீர்மானியைப் படிக்கவேண்டும். நிமிடத்திற்கு 100 லிட்டர் வீதம் தெளிக்கும் ஆறு தெளிப்பான்கள் இயங்குகையில் நீர்மானி 600-க்குப் பதில் 700 காட்டுமாயின், எஞ்சிய 100 லிட்டருக்குக் கணக்குக் கேட்கவேண்டும். தெளிப்பான் முனைகள் தேய்ந்து அகன்றிருப்பதும் அதற்குக் காரணமாகலாம்; முதலில் அவற்றைப் பார்த்துவிடுக.

எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் தலைமைக்குழாய்க்கு வேறு முறை. தொடர் 16 பகுதிகளாகப் பிரிந்திருந்தால் ஒவ்வொன்றாக 16 முறை சோதிக்க வேண்டுவதில்லை. நடு வால்வை மூடித் தொடரை இரண்டாக்குக. மூடிய பின் நீர்மானியின் ஓட்டம் நின்றுவிட்டால் கசிவு மூடிய வால்வுக்கு அப்பால் உள்ளது; நிற்காவிடில் இப்பால் உள்ளது. அப்பாதியை மீண்டும் இரண்டாக்குக. நான்கு முறையில் 16 பகுதிகளுள் ஒன்று எஞ்சும். ஓட்டம் முழுதும் நிற்காமல் குறைந்து மட்டும் போனால் இரு பக்கமும் கசிவு உண்டெனக் கொண்டு ஒவ்வொரு பாதியையும் தனித்தனியே தொடர வேண்டும்.

எழுதுவதற்கு எளிதான இம்முறை களத்தில் இரு காரணங்களால் தடுமாறும். முதலாவது, பல மைதானங்களில் தலைமைக்குழாய் வளையமாக அமைந்திருக்கும். ஒரு வால்வை மூடினால் நீர் மறுபுறமாகச் சுற்றி வந்துவிடும்; இரண்டு வால்வுகளை மூடினால்தான் ஒரு பகுதி தனிமைப்படும். இரண்டாவது, ஆண்டுக்கணக்கில் திருப்பப்படாத வால்வு மூடியது போலத் தோன்றி உள்ளே நீரை விட்டுக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வால்வையும் நம்புவதற்கு முன் அதனை மூடி, அதற்கு அப்பாலுள்ள வடிகால் திருகையோ தெளிப்பானையோ திறந்து, ஓட்டம் முழுதும் நிற்கிறதா என்று பார்த்துவிடுதல் வேண்டும். நம்பத்தகாத வால்வுகளின் எண்களை வரைபடத்தில் சிவப்பு மையால் குறித்துவைத்தல் நன்று.

ஒரு பகுதியைத் தனிமைப்படுத்தியபின் அழுத்தமானியின் முள் இறங்குவதை மட்டும் கண்டு கசிவைப் பெரிதென்றோ சிறிதென்றோ முடிவு செய்யலாகாது. நீர் அமுங்காப் பொருள். காற்றில்லாமல் நிரம்பிய குழாயில் சிறிதளவு நீர் போனாலே அழுத்தம் வெகுவாக வீழும். குழாயில் காற்று அடைபட்டிருந்தாலோ பெரிய கசிவிலும் முள் மெல்லத்தான் இறங்கும். ஆகவே கைப்பம்பு ஒன்றினால், அளவு குறித்த வாளியினின்று நீரை ஏற்றி, அழுத்தத்தை ஒரே நிலையில் ஒரு மணி நேரம் வைத்திருந்து, வாளியில் எவ்வளவு குறைந்தது என்று அளப்பதே சரியான சோதனை. வாளியில் குறைந்ததே மண்ணுக்குள் போனது.

இங்கே ஓர் எச்சரிக்கை. நீருக்குப் பதில் கம்பிரஸரால் காற்றை ஏற்றிச் சோதிப்பது விரைவானது என்று சிலர் செய்வதுண்டு. பி.வி.சி. குழாயில் இதனை ஒருபோதும் செய்தலாகாது. அமுங்கிய காற்று தன்னுள் பெருமளவு ஆற்றலைச் சேர்த்துவைத்திருக்கும். நீர் நிரம்பிய குழாய் உடைந்தால் அழுத்தம் நொடியில் தணிந்துவிடும். காற்று நிரம்பிய குழாய் உடைந்தால் அதன் சில்லுகள் வெடிகுண்டுத் துண்டுகள் போல் பறக்கும்.

பொய்க் குறிகள்

வால்வுகளால் இடத்தைக் குறுக்கியபின் கண்ணுக்கு வேலை வரும். இங்கே பட்டம் பெற்றவரைவிட மாலியே நல்ல துணை. வட இந்திய மைதானங்களில் தோட்டப் பணியாளரை மாலி என்றே அழைப்பர். நாள்தோறும் ஒரே வழியில் புல் வெட்டும் அவருக்கு எந்த இடத்தில் வண்டிச்சக்கரம் அழுந்துகிறது, எங்கே புல் விரைவில் வளர்கிறது என்பவை மனப்பாடம். நம் நாட்டு மைதானங்களில் பெரும்பாலும் வளர்வது அருகம்புல் இனமே. கோடையில் சுற்றிலும் புல் வெளிறியிருக்க ஒரு திட்டு மட்டும் கரும்பச்சையாயிருப்பது நல்ல குறி. நெடுநாள் நீரில் ஊறிய திட்டு இதற்கு மாறாக மஞ்சளித்துப் பாசி படரும் என்பதையும் நினைவிற்கொள்க. வேர்களுக்குக் காற்றுக் கிடைக்காமையே காரணம்.

ஆயினும் எல்லா ஈரமும் உடைப்பு அன்று. சரிவான நிலத்தில் பாசனம் நின்றபின் கிளைக்குழாயில் எஞ்சிய நீர் முழுவதும் மிகத் தாழ்வான தெளிப்பானின் வழியே வழிந்து அங்கே குட்டை கட்டும். இது நின்றுவிடும் ஒழுக்கு. உடைப்பின் நீரோ நிற்பதில்லை. அத்தெளிப்பானில் நீர் பின்வாங்காமல் தடுக்கும் சிறு வால்வைப் பொருத்தினால் தீரும். வால்வின் இருக்கையில் ஒரு மணல் துகள் சிக்கி மூடாமற்போவதாலும் தெளிப்பான் ஓயாது வடியும். இதற்காக எவரும் மண்வெட்டியை எடுக்க வேண்டுவதில்லை.

தேங்கிய நீர் குழாய் நீரா, ஊற்று நீரா என்ற ஐயம் வந்தால் மின்கடத்துதிறன் அளக்கும் கையடக்கக் கருவி உதவும். நகரங்களில் பல மைதானங்கள் சுத்திகரித்த கழிவுநீரைப் பாசனத்திற்குக் கொள்கின்றன. அதில் கரைந்துள்ள உப்பு, மழைநீரில் உள்ளதைவிட மிகுதி. குட்டையின் அளவு குழாய் நீரின் அளவோடு ஒத்திருந்தால் ஐயம் வலுப்படும். மண்ணின் உப்பும் கலந்துவிடும் ஆதலின் இதனை முடிவான சான்றாகக் கொள்ளவேண்டா. குளோரின் சோதனையில் குட்டை நீரில் குளோரின் தென்பட்டால் அது குழாய் நீரே. தென்படாவிடில் ஒன்றும் மெய்ப்பிக்கப்படவில்லை, ஏனெனில் மண்ணில் குளோரின் விரைவில் அழிந்துவிடும்.

காதினால் தேடுதல்

பீச்சும் நீர் மூன்று வகையில் ஒலி எழுப்புகிறது. துளையின் விளிம்பில் நீர் கொந்தளிப்பதால் குழாயின் சுவரும் உள்ளிருக்கும் நீரும் அதிர்கின்றன. தாரை எதிரேயுள்ள மண்ணில் மோதுவதால் ஓரொலி. தாரை குடைந்த குழியில் சிறு கற்கள் சுழன்று உரசுவதால் மற்றோர் ஒலி. முதலாவது குழாய் வழியே நெடுந்தொலைவு செல்லும். மற்றவை அருகில்தான் கேட்கும். ஆனால் இடத்தைச் சுட்டிக்காட்டுபவை அவையே.

இரும்புக் குழாயில் இவ்வொலி கூர்மையாகவும் தொலைவாகவும் செல்லும். பிளாஸ்டிக் குழாயின் சுவர் நெகிழ்வானது. ஒலியின் கூரிய பகுதியை விழுங்கிவிட்டு, பெரும்பாலும் வினாடிக்கு 200 அதிர்வுகளுக்கும் குறைந்த தாழ்ந்த முழக்கத்தை மட்டும் விட்டுவைக்கும். அதுவும் சில பத்து மீட்டருக்குள் மங்கிவிடும். மனிதக் காது தாழ்ந்த ஒலியைக் கேட்பதில் கூர்மை குறைந்தது. இதனை வகுப்பில் எளிதிற் காட்டலாம். பள்ளித் தோட்டத்தின் இரும்புக் குழாயில் ஒரு திருகைச் சிறிதளவு திறந்துவிட்டு, பல மீட்டர் தள்ளி மர அளவுகோலின் ஒரு முனையைக் குழாயிலும் மறு முனையைக் காதின் முன்னுள்ள எலும்பிலும் வைத்தால் சீறல் தெளிவாகக் கேட்கும். அதே திருகில் ரப்பர்க் குழாயை மாட்டி அதன் மேல் அளவுகோலை வைத்தால் அநேகமாக ஒன்றும் கேளாது. களத்தில் பயன்படும் ஒலிகேட்கும் கோலும் இதே தத்துவத்தால் அமைந்தது. நுண்ணிய ஒலிவாங்கியும் பெருக்கியும் சேர்ந்தது புதிய கருவி.

பிளாஸ்டிக்கின் இக்குறையைக் கோல்ப் மைதானத்தின் அமைப்பே ஓரளவு ஈடுசெய்கிறது. தெருக்குழாயில் தொட்டுக் கேட்பதற்கு உரிய இடம் நெடுந்தொலைவுக்கு ஒன்றுதான் இருக்கும். இங்கோ தெளிப்பான்கள் ஏறத்தாழ 20 மீட்டருக்கு ஒன்றாக நிற்கின்றன. வால்வுப் பெட்டிகளும் உண்டு. ஒவ்வொன்றின் அடியிலும் கோலை வைத்துக் கேட்டு, ஒலியின் வலிமையை ஒன்று முதல் பத்து வரை எண்ணிட்டுக் குறித்துவந்தால், எண் உயர்ந்து மீண்டும் தாழும் இடைவெளி தானே வெளிப்படும்.

காலத்தைத் தேர்வதிலும் ஒரு சிக்கல். வாகன ஒலி அடங்கிய நள்ளிரவே கேட்பதற்கு ஏற்ற வேளை. அதுவே பாசனம் நடைபெறும் வேளையும் ஆகும். தெளிப்பான்கள் இயங்கும்போது குழாய் முழுவதும் இரைச்சல். ஆகவே ஓர் இரவுப் பாசனத்தை நிறுத்திவைக்க நிர்வாகத்தின் ஒப்புதலை முன்னதாகவே பெறவேண்டும். கோடையில் இதற்கு எளிதில் இசையமாட்டார்கள். பாசனம் முடிந்து பொழுது விடியும் முன்னுள்ள ஒரு மணி நேரமே பெரும்பாலும் கிடைக்கும்.

காதுக்கு எட்டாததை இரு ஒலி உணரிகளைக் கொண்டு கணக்கினால் பிடிக்கலாம். ஒப்பிடு கருவி என்று இதனைக் கூறலாம். கசிவின் இரு புறமும் குழாயில் ஒவ்வோர் உணரியை வைத்தால், ஒலி அருகிலுள்ளதை முந்தியும் தொலைவிலுள்ளதைப் பிந்தியும் அடையும். அந்த நேர வேறுபாட்டைக் கருவி கண்டறியும். உணரிகளின் இடைத்தொலைவு 100 மீட்டர், நேர வேறுபாடு 0.08 வினாடி, பி.வி.சி. குழாயில் ஒலியின் வேகம் வினாடிக்கு 450 மீட்டர் என்க. வேகத்தை நேரத்தால் பெருக்க 36 மீட்டர். 100-இல் 36-ஐக் கழித்துப் பாதியாக்க, முந்திக் கேட்ட உணரியிலிருந்து 32 மீட்டரில் கசிவு உள்ளது. குழாய் இரும்பு என்று தவறாக எண்ணி வேகத்தை 1,200 மீட்டர் எனக் கொடுத்திருந்தால்? 1,200-ஐ 0.08-ஆல் பெருக்க 96. விடை 2 மீட்டர். கருவி பழுதின்றி வேலை செய்தும் 30 மீட்டர் தள்ளித் தோண்டியிருப்போம். பழைய மைதானங்களில் இரும்புக் குழாயின் நடுவே பிற்காலத்தில் பிளாஸ்டிக் துண்டு சேர்த்துப் பழுது பார்த்திருப்பது சாதாரணம். எந்தப் பகுதியில் எந்தக் குழாய் என்பதைக் குறித்துவைக்காத இடத்தில் இக்கருவியின் விடையை ஐயத்துடனேயே கொள்ளவேண்டும். குழாயின் வேறோரிடத்தில் ஒரு தெளிப்பானை வேண்டுமென்றே சிறிது வடியவிட்டு, அத்தெரிந்த இடத்தைக் கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை.

ஒலியே எழாத கசிவுக்கு வாயுவைப் பயன்படுத்தலாம். நூற்றுக்கு 5 பங்கு ஹைட்ரஜனும் 95 பங்கு நைட்ரஜனும் கலந்த வாயு தீப்பற்றாதது. இதனைத் தனிமைப்படுத்திய பகுதியில் குறைந்த அழுத்தத்தில் செலுத்தினால், மிக இலேசான ஹைட்ரஜன் கசிவின் வழியே வெளிப்பட்டு மண்ணூடே மேலேறும். புல்லின் மேல் நகர்த்தும் நுகர்கருவி அதனை உணரும். நீரில் தோய்ந்த களிமண்ணில் வாயு ஏறுவதற்கு நேரமாகும்; சற்று விலகியும் வெளிப்படலாம். நிலத்துள் ஊடுருவும் ரேடார் ஈரக் களிமண்ணில் விரைவில் வலுவிழக்கும். வெப்பப் படமெடுக்கும் கருவி, நனைந்த நிலம் காய்ந்த நிலத்தைவிடக் குளிர்ந்திருப்பதைக் காட்டும். எங்கும் நனைந்த புல்லில் அதற்கு வேலை குறைவு. பல நாள் பாசனம் நிறுத்திய பின்னரே அது பயன்படும்.

எங்கே உடைகிறது, ஏன் உடைகிறது

நேர்க்குழாய் நடுவில் உடைவது குறைவு. இணைப்பே பலவீனம். பிட்டர்கள் ‘சொல்யூஷன்’ என்று வழங்கும் ஒட்டுப்பசையைத் துடைக்காத, ஈரமான முனையில் பூசியது ஒரு காரணம். தலைமைக்குழாயைத் துளைத்துக் கிளை பிரிக்கும் சேடிலின் போல்ட்டுகள் துருப்பிடிப்பது மற்றொன்று. தெளிப்பானின் மேல் புல்வெட்டும் வண்டி ஏறி இறங்குவதால் அடியிணைப்பு முறிவதும் உண்டு. குல்மார்க் போன்ற பனி பெய்யும் இடங்களில் நீர் உறையும்போது நூற்றுக்கு 9 பங்கு பருப்பதால், குளிர்காலத்திற்கு முன் வடித்துவிடாத குழாய் பிளந்துவிடும்.

திருப்பங்களில் உள்ள விசையைப் பலர் உணர்வதில்லை. 160 மி.மீ. குழாய் செங்கோணமாகத் திரும்பும் இடத்தில், சதுர செ.மீ.க்கு 7 கிலோகிராம் அழுத்தத்தில், அந்த எல்போவை வெளிப்புறமாகத் தள்ளும் விசை ஏறத்தாழ 2,000 கிலோகிராம். ரப்பர் வளைய இணைப்பு இதனைத் தாங்காது. அதற்காகவே திருப்பத்தின் பின்னே, அசையாத மண்ணோடு பொருந்துமாறு கான்கிரீட் கட்டை அமைப்பர். அக்கட்டை இல்லாமலோ, இளகிய மண்ணின் மேலோ இருந்தால் இணைப்பு ஆண்டுதோறும் சிறிது சிறிதாக விலகும்.

இதனோடு நீரின் மோதலும் சேரும். ஓடும் நீரைத் திடீரென நிறுத்தினால் எழும் அழுத்தத்தை ரஷ்ய அறிஞர் ஜூகோவ்ஸ்கி மாஸ்கோ நகரக் குழாய்களில் ஆராய்ந்து 1898-இல் விதியாக வகுத்தார். பி.வி.சி. குழாயில் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீரைச் சட்டென நிறுத்தினால் சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 4 கிலோகிராம் அழுத்தம் கூடுதலாக எழும். மின்தடையால் பம்பு திடீரென நின்று, பின் மின்சாரம் வந்ததும் காலிக் குழாயில் முழு விசையுடன் நீர் பாயும் மைதானங்களில் உடைப்பு அடிக்கடி நேர்வதில் வியப்பில்லை.

இடத்தை உறுதி செய்தபின் தோண்டுவது கையாலேயே இருத்தல் வேண்டும். வால்வுகளை இயக்கும் மின்கம்பிகள் அதே பள்ளத்தில் கிடக்கும். எந்திரத்தின் வாளி ஒரு கசிவை மூடுவதற்குள் பத்து வால்வுகளைச் செயலிழக்கச் செய்துவிடும். நீர் ஊறிய மண் சரியக்கூடியது. பள்ளம் ஆழமானால் பக்கங்களைப் பலகை கொடுத்துத் தாங்கியபின்னரே ஆளை இறக்குக. புல்லைப் பாளமாக வெட்டி நிழலில் வைத்து ஈரம் காத்தால், வேலை முடிந்தபின் அப்படியே பதிக்கலாம்.

பழுது பார்த்த குழாயில் நீரை மெல்ல விட்டு, மேட்டிலுள்ள தெளிப்பான்கள் வழியே காற்று முழுவதும் போனபின் அழுத்தத்தை ஏற்றுக. ஒரு கசிவு அடைபட்டதும் குழாயின் அழுத்தம் முன்னிலும் உயரும். அதுவரை வாயடைத்திருந்த இரண்டாவது பலவீனமான இணைப்பு அடுத்த சில நாட்களில் திறந்துகொள்ளலாம். ஆகையால் ஒரு வாரத்திற்குப் பம்பு அறையில் சிறு பம்பின் இடைவெளியை நாள்தோறும் ஒரே வேளையில் குறித்துவரவேண்டும். முன்பு 10 நிமிடத்திற்கு ஒரு முறை இயங்கியது இப்போது மூன்று மணி நேரத்திற்கு ஒரு முறை இயங்கினால், நிமிடத்திற்கு 10 லிட்டராயிருந்த கசிவு ஏறத்தாழ அரை லிட்டராகியிருக்கிறது. பழுது பார்த்த இடம், இரு நிலையான அடையாளங்களிலிருந்து அதன் தொலைவு, குழாயின் பொருள், ஆழம், தேதி ஆகியவற்றை அன்றே வரைபடத்தில் ஏற்றி, ஒரு படியைப் பம்பு அறையிலேயே வைத்தல் வேண்டும்.